கத்திக் கேட்க முடியாத கேள்வி

கண்ணு,

இது உன் நைனா எழுதுவது. உன் அம்மா எழுதி, நான் கீழே பெருவிரலை வைத்த காகிதம் இல்லை. முதல் எழுத்திலிருந்து நானே எழுதுகிறேன். வரி நேராகத்தான் தொடங்குகிறது, போகப் போக மாடிப்படி ஏறுவது போல மேலே ஏறிவிடுகிறது. எழுத்துகள் பஸ்ஸுக்கு நிற்கும் சனங்களைப் போல ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கின்றன. நீ சிரித்துக்கொண்டே படி, எனக்கு வருத்தம் இல்லை. எனக்கே பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. பேசுவது போல எழுதக் கூடாது, பேப்பரில் இருப்பது போல எழுத வேண்டும் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன். மனிதர்கள் வாயால் சொன்னதை மட்டும் சொன்னபடி எழுதுவேன். அதை மாற்றினால் அது அவர்கள் சொன்னதாக இருக்காது.

அடுத்த மாதம் நீ மஸ்கட்டுக்குப் புறப்படுகிறாய். திருப்பதியில் நீ இருக்கும்வரை நினைத்த நேரம் நகரியில் பஸ் ஏறி வந்துவிடலாம் என்று ஒரு தைரியம் இருந்தது. புறப்படும் முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ "சரி நைனா" என்பாய், அந்தப் பக்கம் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கேட்பதற்கு முன், உன் அத்தைக்கு நான் பொங்கல் வாழ்த்து அட்டை போட்ட கதையை முழுவதும் சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரியும். அட்டை வாங்கக் கூட வந்தவன் நீதான். மீதி உனக்குத் தெரியாது.

முழங்கால் தேய்ந்து தறி ஷெட்டுக்குப் போவதை நிறுத்திய பிறகு பகல் மிகவும் நீளமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் அம்மா பேப்பர் படிப்பாள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் படித்தவள், தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை எதையும் விடமாட்டாள். ஒருநாள் "என்னா போட்டுக்கீறான்?" என்று கேட்டேன். "உனக்கும் கண்ணு நல்லாத்தான இருக்குது, நீயே படிச்சிக்கோ" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தேன். என் கை காகிதத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாயும். "இது தறியில ஓடற நாடா இல்லய்யா, பேனா. மெல்ல ஓட்டு. அறுந்தா முடி போட முடியாது" என்பாள். அ என்று ஒரு கோட்டை வளைத்து வைத்தால் அது சத்தம் போடாமல் கிடக்கிறது. கண் பட்டதும் உள்ளே சத்தம் கேட்கிறது. வாழ்நாள் முழுவதும் இரைச்சலுக்கு நடுவே நின்று வேலை செய்த எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கார்த்திகையில் உன்னைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்தபோது, கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பலகைக்கு முன்னால் நான் அப்படியே நின்றேனே, நீகூட மயக்கமா என்று கேட்டாயே, அது மயக்கம் இல்லை. தெலுங்குக்குக் கீழே தமிழில் "செருப்பை இங்கே விடவும்" என்று எழுதியிருந்தது. எத்தனை வருடம் அந்தப் பலகையைத் தாண்டி நடந்திருக்கிறேன். அத்தனை வருடமும் அது என்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது அத்தை கதைக்கு வருகிறேன். ஆடி மாதம் நீதான் என்னை வண்டியில் வைத்துக் கங்காதர நெல்லூருக்கு அழைத்துப் போனாய். அக்காவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. அவள் மகன், உன் மச்சான், அவள் காதருகே குனிந்து "அம்மா! மாமா வந்துகீறாரு!" என்று கத்தினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் உன் பங்குக்கு "அத்தே, சாப்டியா?" என்று கத்தினாய். "நல்லாருக்கேன்" என்றாள். "மழை பேஞ்சுதா?" என்றாய். "நல்லாருக்கேன்" என்றாள். எதைக் கேட்டாலும் பொருந்துகிற ஒரு பதிலாகப் பார்த்து வைத்திருந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் வாங்கிக் கொடுத்த காது மிஷினை டப்பாவிலேயே வைத்திருக்கிறாள் என்றும், போட்டால் தலைக்குள் மாவு அரைக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள் என்றும் மருமகள் சொன்னாள். நீங்கள் எல்லோரும் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அக்கா பின்வாசலில் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. அவளுக்கு முதலிலேயே தட்டு வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டார்கள் போல, தட்டு காய்ந்து பக்கத்தில் கிடந்தது.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. உன்னை இவங்க நல்லா வெச்சிக்கீறாங்களா? அவ்வளவுதான். அதை எப்படிக் கத்திக் கேட்பது, சொல். மருமகள் காபி டம்ளரோடு எனக்கு முன்னால் நிற்கிறாள். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். கேட்டால் அவள் என்ன பதில் சொல்லுவாள்? அதே "நல்லாருக்கேன்"தான் சொல்லுவாள். அது உண்மையா, பொருந்துகிற பதிலா என்று எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் உன்னிடம் சொன்னேன். "மெசேஜ் போட்டுடலாம் நைனா" என்றாய். "எந்த போனுக்கு?" என்றேன். "மச்சானோடது, இல்லன்னா அவரு பொண்டாட்டியோடது." சொன்ன பிறகுதான் அது அத்தை கைக்குத் தனியாகப் போகாது என்று உனக்கே தெரிந்தது. உன் அம்மாவை ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். "ஐயோ, நான் மாட்டேம்பா. நாத்தனார் ஊட்டு சங்கதியில நான் பேனா புடிச்சா, மாமியாருக்கும் மருமவளுக்கும் நடுவுல மூட்டிவுட்டவ நான்தான்னு ஆயிடும். உன் அக்கா. நீ எழுது" என்றாள். அவள் சொன்னது நியாயம். நான் அ, ஆ பழகப் போய் உட்கார்ந்ததற்கு முதல் காரணம் பேப்பர் இல்லை கண்ணு, இதுதான். அதை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ சின்னவனாக இருந்தபோது பொங்கல் அட்டைகள் வந்ததை உனக்கு நினைவிருக்கும். மார்கழி பிறந்தால் நகரிக் கடைத்தெருவில் துணி காயப் போட்டது போலக் கயிற்றில் அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். ஷெட்டில் வேலை செய்யும் எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம். மாமனாருக்கு சாமி படம், மச்சானுக்கு சினிமாக்காரர் படம், அக்காவுக்குப் பூ படம். கடைக்காரர் பேனாவைத் திறந்து "என்னா எழுதணும்?" என்பார். பின்னால் வரிசை நிற்கும். "எல்லாருக்கும் எழுதறதயே எழுதுங்க" என்போம். அக்கா ஐந்தாவது வரை படித்தவள், தன் கையாலேயே எழுதி அனுப்புவாள். எப்போதும் ஜோடி மாடு படம்தான். அட்டை ஷெட் முகவரிக்குத்தான் வரும். மேஸ்திரி அதை உரக்கப் படிப்பார், தறி ஓட்டும் எல்லோருக்கும் கேட்கும். அவளும் அது தெரிந்துதான் எழுதியிருப்பாள். அத்தனை வருடம் அட்டை போட்டுக்கொண்டோம், ஆனால் ஊருக்குக் கேட்கலாம் என்ற சொல்லைத் தவிர ஒரு சொல்லும் எங்களுக்கு நடுவில் போய் வரவில்லை. இது எனக்கு எழுதத் தெரிந்த பிறகுதான் புரிந்தது. போனில் வரும் வாழ்த்துகளை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கிறது, பானை பொங்குவது அசைந்தே தெரிகிறது. ஆனால் போன் வீட்டுக்குச் சொந்தம். ஒட்டிய உறை, மேலே எழுதிய பெயருக்குச் சொந்தம்.

அட்டைக்காக நாம் திருப்பதியில் ஏறி இறங்கிய கடைகளை மறந்திருக்க மாட்டாய். "பொங்கல் கார்டா? இப்புடு எவரு கொண்டாரு, பெத்தாயனா?" என்றார் ஒருவர். இப்போது யார் வாங்குகிறார்கள் என்று என்னையே கேட்டால்? நான் வாங்குகிறேன் என்று "நேனு கொண்டானு" என்றேன். அவரும் சிரித்தார், நீயும் சிரித்தாய். இன்னொரு கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமா என்றார்கள். "நைனா, உனக்கு இந்த வயசுல கல்யாணம் பேசறாங்க, அம்மாக்கு போன் போடட்டுமா?" என்றாய். கடைசியில் ஒரு கடைக்காரர் முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டினார். தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு வருகிறவர்களுக்காக அவர் அப்பா காலத்தில் வாங்கிப் போட்டதாம். ஒரு சிறுமி கன்றுக்குட்டிக்கு மாலை போடும் படத்தை எடுத்தேன். ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. மற்ற இடம் எல்லாம் எனக்காகக் காலியாக இருந்தது.

அதில் எழுத எனக்குப் பல நாள் ஆனது. முதலில் வேறு காகிதத்தில் எழுதிப் பார்த்து, பிறகு அட்டையில் எழுதினேன். உன் அம்மா எட்டிப் பார்க்க வந்தாள், கையால் மறைத்துக்கொண்டேன். "பெரிய ராஜ ரகசியம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மறைத்து எழுதுவதில் இருக்கும் இன்பம் உங்களுக்குத் தெரியாது, சின்ன வயதிலேயே படித்தவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். நான் எழுதியது இதுதான். "அக்கா. பொங்கல் வாழ்த்து. உன்ன அவங்க நல்லா வெச்சிக்கீறாங்களா. வயிறு ரொம்ப துன்றியா. இல்லன்னா எங்க ஊட்டுக்கு வந்துடு. இத யாரும் சொல்லி எழுதல. நானே எழுதறேன்." உறைக்குள் வைத்து, சோற்றால் ஒட்டி, முகவரி எழுதி, நானே நடந்து போய்ப் பெட்டியில் போட்டேன்.

போகிக்கு முன்னால் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "பெரியவரே, உங்களுக்கு நீங்களே வாழ்த்து போட்டுக்கினீங்களா?" என்று என் உறையையே என்னிடம் நீட்டினார். நடந்தது என்னவென்றால், உன் அம்மா முதலில் எழுதப் பழக்கியது நம் வீட்டு முகவரியைத்தான். அதுதான் எனக்கு அழகாக வரும். அதனால் அதை நடுவில் பெரிதாக எழுதிவிட்டேன். அக்கா முகவரியை இடது ஓரத்தில், இருந்த இடத்தில் நெருக்கிப் போட்டிருந்தேன். உன் அம்மா சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள என்னா எழுதிக்கீற? உன்ன நல்லா வெச்சிக்கீறேனான்னு கேட்டுக்கினியா?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ! எனக்குக் கோபம் வரவில்லை கண்ணு. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியாத யாரோ என் கோணல் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். படித்து, இந்த ஊர், இந்தத் தெரு, இந்த வாசல் என்று சரியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். என் எழுத்து செல்லும்! அதை நிச்சயம் செய்துகொள்ள இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

வேறு உறை வாங்கி, இந்த முறை அக்கா முகவரியை நடுவில் எழுதினேன். தபால் ஆபீசில் இருந்த பெண் "சித்தூர் பக்கம் போறதுக்கு தெலுங்குலயும் இருந்தா நல்லது தாத்தா" என்று கீழே தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். பொங்கல் வந்தது, மாட்டுப் பொங்கலும் போனது. இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது. உறையை மருமகள் பிரித்துவிட்டால்? நான் கேட்டதால் அந்த வீட்டில் அக்காவுக்கு ஏதாவது வந்துவிட்டால்? அதைவிட, "ஆமாண்டா, வெச்சிக்கல" என்று பதில் வந்தால் நான் என்ன செய்வேன்? கேள்வியை எழுதும்வரை பதிலைத் தாங்க முடியுமா என்று யோசிக்கவில்லை. நீ மஸ்கட்டிலிருந்து யாருக்காவது மனம் திறந்து எழுதினால் இதை யோசித்துக்கொள். யோசித்த பிறகும் எழுது.

தை மாதக் கடைசியில் பதில் வந்தது. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பழைய அதே சாய்ந்த எழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எழுதியதை அவளே என் காதருகில் சொல்வது போலப் படித்தேன். "தம்பி. பொங்கல் முடிஞ்சி பானைய கழுவி கவுத்தாச்சி, இப்பதான் உன் வாழ்த்து வருது. யாருடா இத எழுதி குடுத்தது. நீயாவது எழுதறதாவது. என்ன கிழவின்னு ஏமாத்தறீங்களா. நீதான் எழுதினன்னா, என் கல்யாணத்தன்னைக்கி நீ எங்க போயி ஒளிஞ்சிக்கினு இருந்தன்னு எழுது. அப்பறமா உன் கேள்விக்கி பதில் சொல்றேன்."

நான் அவள் கல்யாணத்தன்று ஒளிந்துகொண்ட இடம் இந்த உலகத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு இப்போது சொல்லுகிறேன். அக்கா வேறு ஊருக்குப் போகிறாள் என்பது தாலி கட்டும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நூலுக்குச் சாயம் போடும் பக்கத்துக் கொல்லையில் ஒரு காலித் தொட்டி இருந்தது, அதற்குள் இறங்கி உட்கார்ந்து அழுதேன். எல்லோரும் கிணறு குளம் என்று தேடினார்கள். கழுத்தில் மாலையோடு அவள் ஒருத்திதான் நேராக அங்கே வந்தாள். எட்டிப் பார்த்து, "ஏண்டா, கல்யாணத்துக்குப் புதுத் துணி எடுத்துக் குடுத்தா சாயம் போட்டுக்கினியா?" என்றாள். என் வேட்டியின் பின்பக்கம் முழுவதும் நீலம். நான் அழுததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சொல்லவும் இல்லை. இதை நான் எந்தக் கடைக்காரரிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்க முடியும்? தொட்டியையும் நீலத்தையும் எழுதி, ஒட்டி, அனுப்பினேன்.

அடுத்த பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன். "தம்பி. நீதான்டா. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குது, ஆனா நீதான். மருமவ நல்லவ. சோறு இருக்குது, வேளைக்கி முன்னாடியே போட்டுடறா. எனக்கு உடம்பு எளைச்சது சக்கரை. அத உனக்கு யாரும் சொல்லலியா. நீ நெனச்ச மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. காது போனதுல இருந்து என்கூட ஒருத்தரும் சண்ட போடறதில்ல. நான் என்னா சொன்னாலும் சிரிச்சிக்கினு தலைய ஆட்டிட்டு போயிடறாங்க. கத்தி கத்தி அவங்க தொண்டயும் போயிடுச்சி, பாவம். எழுதி காட்டலாம்னா புள்ளைக்கும் மருமவளுக்கும் பேர புள்ளைங்களுக்கும் தெலுங்குதான் எழுத வரும், எனக்கு தமிழுதான் படிக்க வரும். ஊட்டுல பேசறது எல்லாம் தமிழு. எழுத்து மட்டும் யாருக்கும் யாருதும் தெரியாது. நான் தப்பா பேசினாகூட தப்புன்னு சொல்ல ஆளு இல்லடா. உன் ஊட்டுக்கு வரமாட்டேன். உன் பொண்டாட்டி கொழம்புல புளி ஜாஸ்தி. அப்பறம் தொட்டியில இருந்தது நீலம் இல்ல, பச்ச."

அந்த வீட்டில் மற்றவர்களுக்குத் தமிழ் படிக்க வராது என்பதே எனக்கு இதைப் படித்துத்தான் தெரிந்தது. பயந்த பதில் வரவில்லை, அதற்கு மனம் நிறைந்தது. நான் நினைத்துக்கூடப் பார்க்காத பதில் வந்ததே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருமகளைப் பற்றி நான் எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டேன். அன்பான மனிதர்கள் நிறைந்த வீட்டில் ஒருத்தி இப்படித் தனியாக இருக்க முடியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிறகு எழுந்து போய்ப் பேனாவை எடுத்து "நீலம்தான்" என்று எழுதினேன். அவள் "பச்சை" என்று எழுதினாள். நான் "உனக்குக் காதோடு கண்ணும் போச்சா" என்று எழுதினேன். அதற்கு அவள் எழுதியதை உனக்குச் சொல்ல முடியாது, நீ பிள்ளை. புளி விஷயம் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "குடு அந்த பேனாவ" என்று அவளும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தாள். இப்போது நகரிக்கும் கங்காதர நெல்லூருக்கும் நடுவே தபாலில் நல்ல சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மருமகள் போன வாரம் போன் செய்தாள். "அத்தை தனியா உக்காந்து படிச்சி படிச்சி திட்டிக்கினு கீறாங்க மாமா. ஊட்டுல இப்பதான் சத்தம் கேக்குது. நிறுத்திடாதீங்க" என்றாள்.

கண்ணு, நான் கேட்க வந்தது இதுதான். உன்னைத் தமிழ் மீடியத்தில் போட்டது உன் அம்மாவின் பிடிவாதம். அத்தை பக்கத்து உறவில் அவள் படிக்கும்படி எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும் நீயும்தான். நாங்கள் வயதானவர்கள். மஸ்கட்டிலிருந்து அவளுக்கு அட்டை போடு. பொங்கல் வரை காத்திருக்காதே, எந்தப் பண்டிகை வந்தாலும் போடு, பண்டிகை இல்லாவிட்டாலும் போடு. என்ன எழுதுவது என்று கேட்பாய். நலமா என்று எழுதாதே. அங்கே சாம்பாரே நம் ஊரைவிட நன்றாக இருக்கிறது என்று எழுது. மாட்டைவிட ஒட்டகம் அழகு என்று எழுது. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, "போடா, உனக்கு என்னா தெரியும்" என்று ஆரம்பிக்கும்படி ஏதாவது எழுது.

உன் நைனா